சளி, காய்ச்சல் விட்டதும் கண் சிவப்பது ஏன்? 'மெட்ராஸ் ஐ' எப்படி பரவுது, எப்போது ஆபத்து? முழு விளக்கம்

மழைக்காலம் வந்தாலே வீட்டுக்கு வீடு சளி, இருமல், காய்ச்சல். மூன்று நாள் படுத்துக் கிடந்த பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு, 'அப்பாடா' என்று வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விடும் நேரத்தில்தான் அடுத்த பிரச்சினை தொடங்குகிறது. காலையில் எழுந்தால் ஒரு கண் ரத்தச் சிவப்பாக இருக்கும். தண்ணீராகக் கொட்டும். கண்ணுக்குள் மண் விழுந்தது போல உறுத்தும். இரண்டு நாளில் அடுத்த கண்ணும் சிவக்கும். அந்த வாரம் முடிவதற்குள் அம்மா, அப்பா, பாட்டி என்று வீடே கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும்.

சளிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இது தனியாக வந்த இன்னொரு நோயா, அதே நோயின் தொடர்ச்சியா? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடலாமா? எப்போது பயப்பட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

'மெட்ராஸ் ஐ' என்றால் என்ன?

கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு சவ்வு மூடியிருக்கிறது. இதை விழி வெண்படலம் என்கிறார்கள். இந்தப் படலத்தில் ஏற்படும் அழற்சிதான் மருத்துவத்தில் 'கஞ்சங்டிவைட்டிஸ்'. நம் ஊரில் கண் வலி, மெட்ராஸ் ஐ.

இந்த அழற்சி பாக்டீரியாவால் வரலாம், ஒவ்வாமையால் வரலாம், தூசி, புகை, ரசாயனம் பட்டும் வரலாம். ஆனால் பெரியவர்களுக்கு ஊரெல்லாம் பரவும் வகையில் வரும் கண் வலிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அந்த வைரஸ்களில் முதலிடம் அடினோ வைரஸுக்கு. சாதாரண சளி, தொண்டை வலி, காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் குடும்பங்களில் இதுவும் ஒன்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

'மெட்ராஸ்' பெயர் எப்படி வந்தது?

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1918-ம் ஆண்டுவாக்கில் இங்குதான் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது, அதனால்தான் 'மெட்ராஸ் ஐ' என்ற பெயர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

சில இடங்களில் 'அடினோ வைரஸே சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது' என்றும் எழுதுகிறார்கள். இது சரியல்ல. அந்தக் காலத்து மருத்துவர்கள் பார்த்து விவரித்தது நோயையும் அதன் அறிகுறிகளையும்தான். அடினோ வைரஸை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது 1953-ல், அமெரிக்காவில். மூக்கின் பின்பக்கம் இருக்கும் 'அடினாய்டு' சதையில் இருந்து கிடைத்ததால்தான் அதற்கு அடினோ வைரஸ் என்று பெயர். அதாவது, கண்ணைச் சிவக்க வைக்கும் வைரஸின் பெயரிலேயே மூக்கும் தொண்டையும்தான் இருக்கின்றன.

இதே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. 1971-ல் வங்கதேச விடுதலைப் போர் நேரத்தில் மேற்கு வங்கத்தில் பெரிய அளவில் கண் நோய் பரவியது. அகதிகள் முகாம்களோடு சேர்த்துப் பேசப்பட்டதால் மக்கள் அதற்கு 'ஜாய் பங்களா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1969-ல் ஆப்பிரிக்காவின் கானாவில் இதே போன்ற நோய் பரவியபோது, அப்போதுதான் மனிதன் நிலவில் இறங்கியிருந்ததால் 'அப்போலோ நோய்' என்று அழைத்தார்கள்.

சளிக்குப் பிறகு கண் சிவப்பது ஏன்?

கண்ணில் மருந்து விட்டால் சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பு தெரிவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகும். காரணம், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே நேரடி வழி இருக்கிறது. இமைகளின் உள்மூலையில் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாகக் கண்ணீர் இறங்கி, ஒரு மெல்லிய குழாய் மூலம் மூக்குக்குள் போய்ச் சேர்கிறது.

மூக்கு, தொண்டை, கண் ஆகிய மூன்றின் உட்புறத்தையும் ஈரமான சளிச்சவ்வுகள்தான் மூடியிருக்கின்றன. அடினோ வைரஸ் போன்றவற்றுக்கு இந்த மூன்று இடங்களும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் மாதிரி. ஓர் அறைக்குள் நுழைந்தால் அடுத்த அறைக்குப் போவது கஷ்டமில்லை.

ஆனால் பெரும்பாலும் வைரஸைக் கண்ணுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது நம் கைதான். மூக்கைத் துடைக்கிறோம், இருமும்போது கையால் வாயை மூடுகிறோம், அதே கையால் கண்ணைக் கசக்குகிறோம். சளி பிடித்த குழந்தைகள் ஒரு நாளில் எத்தனை முறை இதைச் செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் கவனித்தாலே புரிந்துவிடும். எதிரில் இருப்பவர் தும்மும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் நேரடியாகக் கண்ணில் படுவது இன்னொரு வழி.

காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு மூன்றும் ஒன்றாக வருவதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: 'தொண்டை-கண் காய்ச்சல்'. 1950-களின் நடுவில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய்க்கு அடினோ வைரஸின் 3, 4, 7 ஆகிய வகைகள் முக்கியக் காரணம். குழந்தைகளுக்கு அதிகம் வரும். குளோரின் சரியாகப் போடாத நீச்சல் குளங்கள் மூலமும் பரவும். காதுக்கு முன்னால், தாடை தொடங்கும் இடத்தில் சிறிய நெறி கட்டுவது இதன் ஓர் அடையாளம். கண் வலிக்கு டாக்டர் ஏன் காதுப் பக்கம் தொட்டுப் பார்க்கிறார் என்று குழம்ப வேண்டாம், அவர் தேடுவது இந்த நெறியைத்தான்.

அடினோ வைரஸ் மட்டும்தானா?

இல்லை. கொரோனா தொற்றிலும் சிலருக்குக் கண் சிவந்தது. தட்டம்மையில் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகலோடு கண் சிவப்பதும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவதும் முக்கிய அறிகுறி. உடலில் தடிப்பு தெரிவதற்கு முன்பே கண் சிவந்துவிடும். அதனால் தடுப்பூசி போடாத குழந்தைக்கு இந்த அறிகுறிகள் ஒன்றாக வந்தால், 'வெறும் மெட்ராஸ் ஐ' என்று விட்டுவிடக் கூடாது.

என்டெரோ வைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 என்ற இரு வைரஸ்கள் உண்டாக்கும் கண் நோய் வேறு மாதிரி. தொற்றிய ஒன்று, இரண்டு நாளிலேயே கண் சிவந்து வீங்கும். வெண்படலத்தில் ரத்தக் கசிவும் தெரியும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டெல்லி, மகாராஷ்டிரா, குஜராத் உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் கண் நோய் வேகமாகப் பரவியபோது, பல இடங்களில் எடுத்த மாதிரிகளில் இந்த வகை என்டெரோ வைரஸ்கள் கண்டறியப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கண் நோய் பரவலால் பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறையே விட்டார்கள்.

நாளுக்கு நாள் என்ன நடக்கும்?

அடினோ வைரஸ் உடலுக்குள் நுழைந்து கண் சிவப்பதற்குப் பொதுவாக 5 முதல் 12 நாட்கள் ஆகலாம். அதனால்தான் 'யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னே தெரியல' என்று பலரும் சொல்கிறார்கள். கடந்த வாரம் பேருந்தில் பிடித்த கம்பியோ, கல்யாண வீட்டில் துடைத்த துண்டோ காரணமாக இருக்கலாம்.

முதல் நாள்: ஒரு கண்ணில் உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல்.

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: அடுத்த கண்ணும் சிவக்கும். பொதுவாக முதலில் வந்த கண்ணைவிட இரண்டாவது கண்ணில் பாதிப்பு குறைவு. இமை வீங்கும். காலையில் கண் லேசாக ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து முதல் ஏழாம் நாள்: தொந்தரவு உச்சத்தில் இருக்கும். 'மருந்து விட்டும் அதிகமாகுதே' என்று பயந்து மருந்தை மாற்றுவது, டாக்டரை மாற்றுவது எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். நோயின் இயல்பான போக்கே இதுதான்.

இரண்டு முதல் மூன்று வாரங்கள்: சிவப்பு படிப்படியாகக் குறைந்து கண் தெளியும்.

அறிகுறி தொடங்கியதில் இருந்து சுமார் 10 முதல் 14 நாட்கள் வரை மற்றவர்களுக்குப் பரவலாம். கண் சிவந்து, நீர் வடியும் வரை பரவும் வாய்ப்பு இருக்கிறது என்று எளிமையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பார்த்தாலே ஒட்டிக்குமா?

'மெட்ராஸ் ஐ வந்தவங்க கண்ணை நேருக்கு நேர் பார்த்தா நமக்கும் வந்துடும்' என்பது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. பார்ப்பதால் எந்த வைரஸும் பரவாது. நோயாளி கண்ணைத் தொட்ட கையால் கதவுப் பிடியைத் தொடுகிறார், அதே பிடியைத் தொட்ட நாம் நம் கண்ணைத் தொடுகிறோம். வைரஸ் பயணிக்கும் பாதை இவ்வளவுதான்.

அப்படியென்றால் கருப்புக் கண்ணாடி எதற்கு? வெளிச்சக் கூச்சம் குறையும், தூசி படாது, அடிக்கடி கண்ணைத் தொடும் பழக்கமும் கொஞ்சம் குறையும். மற்றபடி, கண்ணாடி போட்டுவிட்டோம், இனி யாருக்கும் பரவாது என்று நினைத்து அலுவலகத்துக்கும் விசேஷ வீட்டுக்கும் கிளம்புவது தவறு.

சானிடைசர் போதுமா?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கொரோனா வைரஸுக்குக் கொழுப்பால் ஆன வெளியுறை உண்டு. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடும், வைரஸ் செயலிழந்துவிடும். அடினோ வைரஸுக்கு அந்தக் கொழுப்பு உறையே கிடையாது. அதனால் ஆல்கஹாலை அது அதிக அளவில் தாக்குப் பிடிக்கும். மேஜை, கதவுப் பிடி, பிளாஸ்டிக் பொருட்கள் மீது நாள்கணக்கில், சில சூழல்களில் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும்.

எனவே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 20 நொடியாவது தேய்த்துக் கழுவுவதுதான் சிறந்த வழி. அப்படிக் கழுவும்போது வைரஸ் கையில் இருந்து அடித்துச் செல்லப்படுகிறது. பலரும் தொடும் இடங்களை பிளீச்சிங் கரைசல் கொண்டு துடைக்கலாம்.

இந்த வைரஸ் மருத்துவமனைகளையே பரவும் இடமாக மாற்றிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1941-42-ல், அமெரிக்காவின் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கண் நோய் வந்தது. 'ஷிப்யார்டு ஐ' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. வெல்டிங் பொறி, இரும்புத் தூள் கண்ணில் பட்டு முதலுதவிக்குப் போனவர்களுக்கு, அங்கே சரியாகச் சுத்தம் செய்யாத கைகள், கருவிகள் மூலமே நோய் பரவியது பின்னர் தெரியவந்தது. கண் மருத்துவமனையில் மெட்ராஸ் ஐ நோயாளிகளைத் தனியாக உட்கார வைப்பதும், ஒவ்வொருவரையும் பார்த்த பிறகு டாக்டர் கை கழுவுவதும் இதனால்தான்.

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து: பெரிய ஆபத்து எங்கே?

பெரும்பாலான மெட்ராஸ் ஐ தானாகவே சரியாகிவிடும். பார்வை கெடும் அளவுக்குப் போகும் பல சம்பவங்களில் பிரச்சினை தொடங்குவது டாக்டரைப் பார்க்காமல் விட்ட சொட்டு மருந்தில்.

கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்ணை ஈரப்படுத்தும் செயற்கைக் கண்ணீர். உறுத்தலைக் குறைக்கும், பொதுவாகப் பாதுகாப்பானது.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். இது பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸ் தொற்றோடு பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சந்தேகித்தால் மட்டும் கொடுப்பார். 'ஆன்டிபயாடிக் விட்டேன், அஞ்சு நாள்ல சரியாச்சு' என்று சொல்பவர்களில் பலருக்கு அது விடாமலே சரியாகியிருக்கும்.

மூன்றாவது, ஸ்டீராய்டு கலந்த மருந்து. கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஸ்டீராய்டு விட்டால் சில மணி நேரத்திலேயே சிவப்பு குறையும், உறுத்தல் போகும். 'ஒரே நாள்ல சரியாயிடுச்சு' என்று பக்கத்து வீட்டுக்கும் அதே பாட்டில் போகும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதோடு வைரஸை எதிர்க்கும் உடலின் சக்தியையும் அடக்குகிறது. அதனால் வைரஸ் கண்ணில் நீண்ட நாள் தங்கலாம். மருந்தை நிறுத்தியதும் தொந்தரவு திரும்ப வரும். திரும்ப வந்ததும் மறுபடி அதே மருந்து. இப்படியே மாதக்கணக்கில் போனால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரை வரலாம். கண் அழுத்தத்தால் நரம்பு பாதித்து இழந்த பார்வை திரும்ப வராது.

கண் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே வைரஸ் கண்ணுக்கும் வரலாம். அந்த நேரத்தில் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் ஸ்டீராய்டு விட்டால் கருவிழியில் புண் வேகமாகப் பரவி, தழும்பாகி, பார்வையே போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், புளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே பாட்டிலாகவும் விற்கிறார்கள். இவை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. கடைக்காரர் நீட்டினாலும் 'இதுல ஸ்டீராய்டு இருக்கா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

ஸ்டீராய்டு எப்போதுமே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்கு இமையின் உட்புறம் வெள்ளை ஆடை போல ஒன்று படியும். சிலருக்குக் கண் சிவப்பு போன பிறகு, இரண்டாவது வார வாக்கில், கருவிழியில் சிறு சிறு வெண்புள்ளிகள் தோன்றும். பார்வை மங்கும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளி சிதறும். இந்தப் புள்ளிகள் மாதக்கணக்கில்கூட இருக்கலாம். இத்தகைய நேரங்களில் கண் டாக்டரே அளவு பார்த்து ஸ்டீராய்டு கொடுத்து, கண் அழுத்தத்தைச் சோதித்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

தாய்ப்பால், நந்தியாவட்டை, தேன் விடலாமா?

கண்ணில் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, தேன், இளநீர், பன்னீர் விடுவது என்று வீட்டுக்கு வீடு கை வைத்தியம் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டில் தயாரிக்கும் எதுவும் கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. பூவிலும் இலையிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இருக்கலாம். தொற்றால் ஏற்கெனவே சேதமடைந்த கருவிழிக்குள் அவை புகுந்தால், இரண்டு வாரத்தில் போக வேண்டிய மெட்ராஸ் ஐ, கருவிழிப் புண்ணாக மாறிவிடும்.

வீட்டிலேயே செய்யக் கூடியது என்ன? காய்ச்சி ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகப் பீளையைத் துடைக்கலாம். ஒருமுறை துடைத்த பஞ்சைத் தூக்கிப் போட வேண்டும், அடுத்த கண்ணுக்குப் புதுப் பஞ்சு. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய கண் மீது சில நிமிடம் வைத்தால் வீக்கமும் எரிச்சலும் குறையும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் எப்படித் தப்பிப்பது?

துண்டு, தலையணை உறை, கைக்குட்டை, சோப்பு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தினமும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைப்பது நல்லது.

ஒருவர் விட்ட சொட்டு மருந்தை இன்னொருவர் விடக் கூடாது. பாட்டிலின் நுனி இமையிலோ கண்ணிலோ படக் கூடாது. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். போன வருஷம் வாங்கிய பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று எடுத்து விட வேண்டாம்.

மருந்து விடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். குழந்தைக்கு மருந்து விடும் அம்மாவுக்கு அடுத்து வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கண் மை, காஜல், ஐலைனரை நோய் முழுவதும் சரியாகும் வரை தொட வேண்டாம். நோயின்போது பயன்படுத்தியதைத் தூக்கிப் போடுவதே பாதுகாப்பு.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். லென்ஸ் போடுபவருக்கு வரும் கண் சிவப்பு, கருவிழிப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம்.

செல்போனையும் துடைக்க மறக்க வேண்டாம். கண்ணைத் துடைத்த கை அடுத்து போவது அங்கேதான்.

ஸ்கூலுக்கு லீவு போடணுமா?

நீர் வடிந்துகொண்டிருக்கும் குழந்தையை வகுப்பறையில் உட்கார வைத்தால் பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் வரும். கண்ணீர் வடிவது நின்று, சிவப்பு குறைந்து, டாக்டர் சொன்ன பிறகு அனுப்புவதே நல்லது. தேர்வு நேரம் என்றால் பள்ளியில் பேசித் தனி இருக்கை கேட்கலாம்.

பெரியவர்களுக்கு இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்பவர்கள் இரண்டு வாரம் வீட்டில் இருக்க முடியாது. போயே ஆக வேண்டிய நிலை என்றால், அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கண்ணைத் துடைக்கத் தூக்கிப் போடும் டிஷ்யூ வைத்துக்கொள்வது, கருவிகளையும் துண்டையும் பகிராமல் இருப்பது ஆகியவற்றையாவது கடைப்பிடிக்க வேண்டும். சமையல், அழகு நிலையம், குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் விலகியிருக்க வேண்டும்.

எல்லா சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல

பலமாக இருமினாலோ தும்மினாலோ கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு ரத்த நாளம் உடைந்து, ஒரு பக்கம் மட்டும் அடர் சிவப்பாகத் திட்டு தெரியும். வலி, நீர் வடிதல், பார்வை மங்கல் எதுவும் இருக்காது. கண்ணாடியில் பார்த்துப் பதறுவார்கள். இது யாருக்கும் பரவாது, ஒன்று, இரண்டு வாரத்தில் தானாக மறையும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

அரிப்பு மிக அதிகம், இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், தும்மலும் கூடவே என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். மஞ்சள், பச்சை நிறத்தில் கெட்டியான பீளை நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். குழந்தைக்குப் பீளையோடு காது வலியும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

* கண்ணுக்குள் கடுமையான வலி, பார்வை மங்குதல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம்.

* கருவிழியில் வெள்ளைப் புள்ளி அல்லது திட்டு தெரிதல்.

* பிறந்து 28 நாட்களுக்குள் இருக்கும் குழந்தையின் கண் சிவந்து பீளை வருதல். பிரசவத்தின்போது தொற்றும் சில பாக்டீரியாக்கள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும். இதற்குக் கை வைத்தியம் கூடவே கூடாது.

* சளி, சைனஸ் தொந்தரவுக்குப் பிறகு காய்ச்சலோடு இமை வீங்கி மூடிக்கொள்வது, கண் முன்னால் தள்ளுவது, கண்ணை அசைத்தால் வலிப்பது. சைனஸில் இருக்கும் தொற்று கண்குழிக்குள் பரவியிருக்கலாம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் இந்த நிலையில் மணிக்கணக்கு முக்கியம். பார்வைக்கும் உயிருக்கும் ஆபத்து உண்டு.

* சின்னக் குழந்தைக்கு ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், உதடு வெடித்துச் சிவத்தல், உடலில் தடிப்பு. இது இதய ரத்த நாளங்களைப் பாதிக்கும் கவாசாகி நோயாக இருக்கலாம்.

* இமையிலோ நெற்றியிலோ சிறு சிறு நீர்க் கொப்புளங்கள்.

* இரண்டு வாரம் கழித்தும் சரியாகாமல் இருப்பது, அல்லது சரியான பிறகு பார்வை மங்குவது.

தடுப்பூசி இருக்கா?

மெட்ராஸ் ஐக்கு என்று பொது மக்களுக்கான தடுப்பூசி எதுவும் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் அடினோ வைரஸின் 4, 7 ஆகிய இரு வகைகளுக்கு எதிராக மாத்திரை வடிவில் தடுப்பு மருந்து தருகிறார்கள். அதுவும் முகாம்களில் பரவும் சுவாசத் தொற்றைத் தடுக்கத்தான். மனிதர்களைத் தாக்கும் அடினோ வைரஸில் 50-க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை மூலம் மறுபடியும் வரலாம். 'போன வருஷமே வந்துடுச்சு, இனி வராது' என்று இருந்துவிட முடியாது.

அதே நேரம், தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி குழந்தையின் கண்ணையும் சேர்த்தே காக்கிறது. தட்டம்மையும் வைட்டமின் ஏ குறைபாடும் சேர்ந்தால் பார்வையே போகலாம் என்பதால் அந்தத் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

எங்கே காட்டலாம்?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சந்தேகம் கேட்க தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. பிளவு விளக்குக் கருவி மூலம் பார்த்தும், கண்ணில் மஞ்சள் நிறச் சாயம் விட்டுக் கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்த்தும் டாக்டர் முடிவு செய்துவிடுவார். ஐந்து நிமிட வேலைதான்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் இது தானாகப் போகும் மெட்ராஸ் ஐயா, உடனே மருந்து வேண்டிய ஹெர்பிஸா என்பது தெரியும். வெளியில் இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே சிவப்புதான். சளி விட்டு கண் சிவந்தால் பதற வேண்டாம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்பதற்கு முன், கையை ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண் டாக்டரிடம் போய்க் காட்டிவிடுங்கள்.